அம்மை மட்டுமா கொன்றது? பொத்தோசி வெள்ளிமலையின் பின்னணி

அமெரிக்கப் பழங்குடிகள் ஏன் அழிந்தார்கள் என்று கேட்டால் இப்போதெல்லாம் சட்டென்று வரும் பதில், பெரியம்மை. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கிருமிகளுக்கு அந்த மக்களின் உடல் பழகியிருக்கவில்லை, கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், வந்தவர்களே எதிர்பாராத விபத்து அது என்று பேச்சு முடிந்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. பெரியம்மையும் தட்டம்மையும் டைஃபஸும் வந்தன, லட்சக்கணக்கில் கொன்றன. ஆனால் இந்தப் பதிலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கூண்டில் ஏற்றி விசாரிக்க ஆளே இல்லாமல் போய்விடுகிறது.

தேதிகளை வரிசையாக எடுத்து வைத்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. இன்றைக்கு ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கிற ஹிஸ்பானியோலா தீவில்தான் ஸ்பானியர் முதலில் ஊன்றினார்கள். 1492-இல் அங்கே தைனோ மக்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஓயாத சண்டை; சில லட்சம் என்பவர்களே இன்று அதிகம். 1495 வாக்கில் கொலம்பஸ் ஓர் உத்தரவு போட்டார்: தங்கம் கிடைக்கும் பகுதிகளில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன மணி கொள்ளுமளவு தங்கத்தூள் கொண்டுவந்து செலுத்த வேண்டும். பிறகு ஆட்களையே ஊர் ஊராகப் பிரித்துக் குடியேறிகளிடம் ஒப்படைத்தார்கள். ஆற்றில் மண் அரிக்கப் போனவர் மரவள்ளித் தோட்டத்தைப் பார்க்க முடியாது. தோட்டம் போனால் சோறு போயிற்று. 1514-இல் அதிகாரிகள் தலை எண்ணியபோது 26,000 பேர்தான் தேறினார்கள். அந்தத் தீவில் பெரியம்மை பரவியதற்கு உறுதியான முதல் பதிவு 1518 டிசம்பர். வேறு காய்ச்சல்கள் அதற்கு முன்பே வந்திருக்கலாம். ஆனாலும் பெரும் அழிவு நடந்து முடிந்த பிறகுதான் பெரியம்மை வந்து சேர்ந்தது.

ஆகவே கிருமி வந்தபோது அந்த மக்கள் என்ன வேலையில் மாட்டியிருந்தார்கள், எங்கே குடியிருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் உள்ள பொத்தோசியைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது; அந்தக் காகிதங்களில் ஏராளமானவை இன்னும் இருக்கின்றன.

ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ 168 ஆட்களோடு வந்து, 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா நகரச் சதுக்கத்தில், ஆண்டிஸை ஆண்ட இன்காக்களின் அரசர் அதாவல்பாவைப் பிடித்த கதை பலருக்கும் தெரியும். அண்ணன் தம்பி சண்டையில் நாடு இரண்டுபட்டுக் கிடந்த நேரம் அது என்பதும், ஸ்பானியரோடு சேர்ந்து போரிட்டவர்களில் பெரும்பாலோர் இன்காக்களின் மேல் கசப்பு கொண்டிருந்த உள்ளூர் மக்கள் என்பதும் அந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகும். அரசரைப் பிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு மக்கள் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்ப நாற்பது ஆண்டுகள் ஆயின.

பொத்தோசி மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியருக்குத் தெரியவந்தது 1545-இல். இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். மலை உச்சி இன்னும் 800 மீட்டர் மேலே. புதிதாக வருகிறவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சுற்றிலும் பயிர் பச்சை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே நிலைமை நாம் நினைப்பதற்கு நேர்மாறு. தாதுவை உருக்கும் வித்தை உள்ளூர் மக்களின் கையில் இருந்தது. மலைச்சரிவில் காற்று வீசும் இடமாகப் பார்த்து, துளையிட்ட சின்னக் களிமண் உலைகளை வைத்து, சுமை தூக்கும் உள்ளூர் விலங்கான லாமாவின் சாணத்தை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். இரவில் மலை முழுக்க ஆயிரக்கணக்கான உலைகள் எரிந்ததாக அன்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுரங்கம் ஸ்பானியர் பெயரில் இருந்தாலும் தாது வெள்ளியாக வேண்டுமானால் இவர்களிடம்தான் வந்தாக வேண்டும். பேரம் பேசும் பலம் அவர்களுக்கு இருந்தது.

1560-களில் மேற்பரப்பிலிருந்த வளமான தாது தீர்ந்தது. மிஞ்சிய மட்டமான தாதுவை இந்த உலைகளால் உருக்க முடியவில்லை. மாட்ரிட்டில் அரசர் இரண்டாம் பிலிப்புக்கோ போர்ச் செலவு கழுத்தை நெரித்தது. 1569-இல் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ என்பவர் வைஸ்ராயாகப் பெருவுக்கு வந்து இறங்கினார். அந்த மக்களுக்கு நேர்ந்ததில் அம்மைக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஒரு நிர்வாகிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம். மனிதர் கொடூரத்துக்குப் பேர் போனவர் அல்ல. 1572-இல் கடைசி இன்கா அரசரான டூபாக் அமாருவை இன்காக்களின் பழைய தலைநகரான குஸ்கோவில் தலையை வெட்டிக் கொன்றதைத் தவிர, அவர் செய்ததெல்லாம் ஆபீஸ் வேலைதான். அதுதான் விஷயமே.

முதலில் நாடு முழுவதையும் சுற்றிவந்து ஆள் கணக்கு எடுத்தார். ஐந்து ஆண்டுகள் பிடித்தது. 18 முதல் 50 வயதுவரை உள்ள ஆண்கள் யார் யார், எந்த ஊர், எவ்வளவு தலைவரி என்று பதிவேடு தயாரானது. கூடவே மக்களை இடம் மாற்றினார். ஆண்டிஸில் அய்யு என்று ஓர் உறவுக் கூட்டம் இருக்கும். ஒரே கூட்டத்துக்கு மேட்டில் லாமா மேய்ச்சல், நடுவில் உருளைக்கிழங்கு, பள்ளத்தாக்கில் மக்காச்சோளம், அதற்கும் கீழே கோக்கா என்று பல உயரங்களில் நிலம் சிதறியிருக்கும். ஓரிடத்தில் பனி கொட்டினால் இன்னோரிடம் கைகொடுக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படிச் சிதறிய வாழ்விலிருந்து பெயர்த்து, சதுக்கமும் தேவாலயமும் நேர்த்தெருக்களும் கொண்ட புது ஊர்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். பழைய வீடுகளை இடித்தார்கள். வரி வசூலிக்கவும் ஞானோபதேசம் சொல்லவும் வசதி. தூரத்து நிலங்கள் கைவிட்டுப் போயின. நெருக்கியடித்த ஊர்களில் அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய் வீடு விடாமல் புகுந்தது. 1580-களின் பிற்பகுதியில் ஆண்டிஸைச் சூறையாடிய பெரியம்மை, தட்டம்மை அலையை இந்த ஊர்களைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது மித்தா என்ற முறைவேலை. இது இன்காக்கள் காலத்திலேயே இருந்தது. அரசுக்கு வேலை செய்யப் போகிறவருக்கு அரசே சோறும் சிச்சா பீரும் கோக்கா இலையும் துணியும் கொடுக்கும். ஊரில் அவர் நிலத்தை உறவுக்காரர்கள் உழுது வைப்பார்கள். தொலேதோ பெயரை வைத்துக்கொண்டு கொடுக்கல் பக்கத்தைக் கழற்றிவிட்டார். குஸ்கோவின் தெற்கிலிருந்து இன்றைய தெற்கு பொலிவியா வரை 16 மாகாணங்கள். ஒவ்வொன்றும் வேலைசெய்யும் வயதுள்ள ஆண்களில் ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் பொத்தோசிக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஓராண்டு, அதிலும் ஒரு வாரம் வேலை, இரு வாரம் ஓய்வு, தினக்கூலி நிர்ணயம், நடந்து வரும் தூரத்துக்குப் படி. காகிதத்தில் படித்தால் அன்றைய ஐரோப்பியச் சுரங்கக் கூலிக்குக் கிடைக்காத சலுகை என்றுகூடத் தோன்றும்.

புறப்பாடு எப்படி இருந்தது என்று பார்ப்போம். டிட்டிகாக்கா ஏரிக்கரையில் சுக்குயித்தோ என்று ஒரு மாகாணம். அங்கிருந்து ஆண்டுக்கு 2,200 ஆண்கள் போக வேண்டும். 1600-களின் தொடக்கத்தில் ஒரு ஜெசுயிட் பாதிரியார் அந்தக் கூட்டம் கிளம்புவதை இரண்டு முறை பார்த்துவிட்டு வைஸ்ராய்க்கு எழுதினார். 2,200 பேர் தனியாகப் போகவில்லை. மனைவி, பிள்ளைகளோடு 7,000 உயிர்கள். ஆளுக்கு எட்டுப் பத்து லாமாக்கள். முதுகில் மக்காச்சோளமும், பனியில் உறையவைத்து மிதித்துக் காயவைத்த சுன்யோ உருளைக்கிழங்கும், தரையில் படுத்தால் குளிர் கொன்றுவிடும் என்பதற்காக வைக்கோல் பாயும் போர்வையும். வழியில் அடித்துச் சாப்பிட அல்பாக்காக்களும் உண்டு. நூறு லீக் தூரம், ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இரண்டு மாதம் ஆகும். விலங்குகளும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் அதற்கு மேல் வேகமாக நடக்க முடியாது என்கிறார். இவ்வளவு பேரில் ஊர் திரும்புகிறவர்கள் 2,000 பேர் இருக்கலாம், மற்றவர்களில் சிலர் இறந்துபோகிறார்கள், சிலர் பொத்தோசியிலேயோ வழியில் இருக்கும் பள்ளத்தாக்குகளிலேயோ தங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் திரும்பி வர அவர்களிடம் லாமாவும் இல்லை, உணவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சுரங்கத்துக்குள் என்ன வேலை என்பதை அகோஸ்டா என்ற இன்னொரு பாதிரியார் விவரித்திருக்கிறார். மாட்டுத்தோலை முறுக்கித் திரித்த வடங்களில் கட்டைகளைப் படியாகக் கட்டிய ஏணிகள். ஒரு பக்கம் ஏறுகிறவர், மறு பக்கம் இறங்குகிறவர். தாதுவைப் போர்வையில் போட்டு மார்போடு முடிந்து முதுகில் சுமப்பார்கள். ஒரு சுமை இரண்டு அரோபா, அதாவது 20 கிலோவுக்கு மேல். மூன்று மூன்று பேராக ஏறுவார்கள். முதலில் ஏறுகிறவர் கட்டைவிரலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொள்வார், இரண்டு கைகளும் ஏணியைப் பிடிக்க வேண்டுமே. உள்ளே புழுக்கம், வெளியே வந்தால் உறையவைக்கும் காற்று; வியர்த்த உடம்போடு வெளியே வந்தவர்களை நிமோனியா பிடித்துக்கொள்ளும். பாறைத்தூள் நுரையீரலில் படிவது தனி.

சுரங்கத்துக்குள் வேலைக்கு நாள் கூலி மூன்றரை ரியால். வாரம் ஐந்து நாள், மூன்று வாரத்தில் ஒரு வாரம் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 300 ரியால் வரும், அதாவது எட்டு ரியாலுக்கு ஒரு பெசோ என்ற கணக்கில் சுமார் 37 பெசோ. இதில் தலைவரி போக வேண்டும். பொத்தோசியில் ஒன்றும் விளையாது. ஒவ்வொரு பிடி மாவும் லாமா முதுகில் வர வேண்டும், விலை அதற்கேற்றபடி. அதனால் ஓய்வு வாரங்கள் ஓய்வாகவே இருந்ததில்லை. அதே சுரங்கத்தில் அதே ஆள் கூடுதல் கூலிக்கு, தன்னிச்சையான தொழிலாளியாகப் போய் நிற்பார். 1600 வாக்கில் மலையில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட கூலிகள்தான். இதைக் காட்டி, கட்டாய உழைப்பு பெரிதாக ஒன்றும் இல்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலிவான கட்டாய ஆட்கள் சட்டப்படி வந்துகொண்டிருந்ததால்தான் முதலாளிகளுக்கு மட்டமான தாதுவிலும் லாபம் நின்றது. திங்கட்கிழமை காலையில் மலையடிவாரத்தில் ஆட்களைப் பிரித்துக்கொடுப்பதை அரசே நின்று செய்தது.

மூன்றாவது விஷயம் பாதரசம். மட்டமான தாதுவைப் பொடியாக அரைத்துப் பாதரசத்தோடு கலந்தால் வெள்ளி அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கிப் பாதரசத்தை விரட்டிவிடலாம். மெக்சிகோவில் 1550-களில் வந்த இந்த முறையை 1570-களின் தொடக்கத்தில் பொத்தோசிக்குக் கொண்டுவந்தார்கள். தாதுவை அரைக்க நீராலைகள், ஆலைகளுக்குத் தண்ணீர் தர மலைமேல் செயற்கை ஏரிகள் எல்லாம் எழும்பின. (அதில் ஒரு ஏரியின் கரை 1626-இல் உடைந்து ஊரின் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போனது.) பாதரசம் வந்தது பெருவின் உவான்கவெலிக்கா சுரங்கத்திலிருந்து. அங்கும் தனியாக ஒரு மித்தா. உவான்கவெலிக்காவுக்கும் பொத்தோசிக்கும் உலகத்திலேயே மிகப் பெரிய கல்யாணத்தை நடத்தி வைப்பேன் என்று தொலேதோ சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. சீதனம் கொடுத்தவர்கள் உவான்கவெலிக்கா தொழிலாளிகள். பாதரச ஆவியை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கைகால் நடுங்கும், வாயில் எச்சில் ஒழுகும், பல் உதிரும். பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்புவதைவிடக் கையை ஒடித்து வைப்பது மேல் என்று தாய்மார்கள் நினைத்ததாகப் பேச்சு உண்டு. பாதரசம் வந்ததோடு பொத்தோசியில் காற்று உலைகள் அணைந்தன. வித்தை கைமாறியது, உள்ளூர் மக்களின் பேரம் பேசும் பலமும் போனது.

1592-இல் பொத்தோசியின் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. 1,20,000-லிருந்து 1,60,000 வரை மக்கள்தொகை கொண்ட ஊர், அன்றைய ஐரோப்பாவின் பெருநகரங்களோடு நிற்கும். இந்த வெள்ளி ஸ்பெயினின் செவீய் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும், 1571-க்குப் பிறகு மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து கிளம்பிய கப்பல்களில் மணிலா வழியாகச் சீனாவுக்கும் போனது. குஜராத், வங்கம், சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்க ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுவந்த ஸ்பானிய ரியால்களும் பெரும்பாலும் இந்த அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளிதான்.

மித்தாவின் உண்மையான விஷம் பதிவேட்டில் இருந்தது. 1570-களில் எடுத்த ஆள் கணக்குப்படி ஊருக்கு இத்தனை பேர் என்று எழுதிவைத்தாகிவிட்டது. அதன்பின் கொள்ளைநோய் வந்து ஊர் பாதியாகிவிட்டது. பதிவேடு பாதியாகவில்லை. மறுகணக்கு கேட்டு மனுப் போட்டால் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை இருப்பவர்கள் இறந்தவர்களின் முறையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வந்த முறை மூன்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று நெருங்கியது. ஆள் குறைந்தால் குராக்கா எனப்படும் ஊர்த்தலைவர் பொறுப்பு. அவரை அடைத்து வைப்பார்கள், சொத்தை விற்கவைப்பார்கள். ஆள் அனுப்ப முடியாத ஊர்கள் பணமாகக் கட்டின. சுரங்க முதலாளி அந்தப் பணத்தில் மாற்று ஆள் அமர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் ஆளை அமர்த்தவில்லை, சுரங்கத்தையும் தோண்டவில்லை, பணத்தை மடியில் கட்டிக்கொண்டார்கள். இப்படி ஆளாக வராமல் பணமாக வந்தவர்களுக்குப் பொத்தோசியில் 'சட்டைப்பை இந்தியர்' என்றே பெயர்; பழங்குடிகளை ஸ்பானியர் இந்தியர் என்றுதான் அழைத்தார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? ஓடினார்கள். முறைவேலை சொந்த ஊரில் பதிவானவர்களுக்குத்தான். வேற்றூரில் போய்க் குடியேறினால் 'வந்தேறி', மித்தா கிடையாது. ஆனால் அய்யுவில் இருந்த நில உரிமையும் கிடையாது. 1680-களில் மறுபடி கணக்கெடுத்தபோது இந்த மாகாணங்களில் கிட்டத்தட்டப் பாதி ஆண்கள் வந்தேறிகளாக இருந்தார்கள். இன்காக்கள் காலத்திலிருந்து வந்த ஒரு சமூக அமைப்பு, யாரும் அதைக் குறிவைத்துத் தாக்காமலேயே, ஒரு படிவத்தின் விதிகளுக்குத் தப்பிக்கும் முயற்சியில் அவிழ்ந்துபோனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொத்தோசி மலை 80 லட்சம் பேரை விழுங்கியது என்று ஒரு எண் இணையத்தில் சுற்றுகிறது. அதற்கு ஆவண ஆதாரம் கிடையாது. பதிவேட்டிலிருந்து மறைந்தவர்கள் எல்லோரும் சுரங்கத்தில் செத்தவர்கள் அல்ல. நோயில் போனவர்களும் ஓடிப்போனவர்களும் அதில் அடக்கம். பெருவின் மக்கள்தொகை 1520-இல் 90 லட்சம் இருந்து 1620-இல் 6 லட்சமாகக் குறைந்தது என்பது வரலாற்றாசிரியர் நோபிள் டேவிட் குக்கின் மதிப்பீடு. தொடக்க எண்ணில் எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் இது போதாதா? மிகைப்படுத்திச் சொல்லும் தேவையே இல்லை.

அந்த மக்கள் வாய்மூடி இருக்கவும் இல்லை. வக்கீல் வைத்து வழக்காடுவதில் குராக்காக்கள் தேர்ந்துவிட்டார்கள். பொத்தோசிச் சந்தையில் தாது, கோக்கா, உணவு வியாபாரத்தில் கெச்சுவா, அய்மாரா மொழிகள் பேசும் உள்ளூர்ப் பெண்கள் கோலோச்சினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கஜ்ச்சாக்கள் என்போர் வார இறுதியில் முதலாளிகள் இல்லாத நேரம் பார்த்துச் சுரங்கத்தில் இறங்கித் தாங்களே தாது எடுத்து, தங்கள் சின்ன ஆலைகளில் அரைத்து விற்றார்கள். ஊரின் உற்பத்தியில் அதற்கு நல்ல பங்கு இருந்தது. குவாமன் போமா தெ அயாலா என்ற ஆண்டிஸ்காரர் 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய முறையீடு ஏறக்குறைய 1,200 பக்கம், அதில் 398 சித்திரங்கள். பாதிரியார் அடிப்பது, அதிகாரி குராக்காவைத் தொங்கவிடுவது, உவான்கவெலிக்கா கொடுமை எல்லாம் படம் போட்டு எழுதினார். 1908-இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் ஒரு ஜெர்மன் அறிஞர் கண்ணில் படும்வரை உலகுக்கு அது தெரியாமலே கிடந்தது.

1777-இல் ஹோஸே கப்ரியேல் கொந்தோர்கான்கி என்ற குராக்கா லிமாவுக்குப் போய், தன் மாகாண மக்களைப் பொத்தோசி மித்தாவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று முறைப்படி மனுக் கொடுத்தார். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி அந்தப் பாதைகளிலேயே தொழில் செய்தவர். தூரம் அவருக்குத் தெரியும். மனு பலிக்கவில்லை. 1780 நவம்பரில் அவர் இரண்டாம் டூபாக் அமாரு என்ற பெயரில் கலகத்தைத் தொடங்கினார். ஆண்டிஸ் முழுக்கத் தீப்பற்றியது. 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் மனைவி மிக்காயெலா பஸ்திதாஸையும் மூத்த மகனையும் அவர் கண்முன் கொன்றுவிட்டு அவரையும் கொன்றார்கள். பின்னாலேயே உத்தரவுகள் வந்தன: இன்கா உடை கூடாது, இன்கா அரசர்களின் படங்கள் கூடாது, கெச்சுவா மொழியை ஒழிக்க வேண்டும்.

மித்தா சட்டப்படி ஒழிந்தது ஸ்பெயின் பேரரசே ஆட்டம் கண்ட பிறகு, 1812-இல். பொலிவியா 1825-இல் விடுதலை பெற்றது. விடுதலைப் போரின் தலைவர் பொலிவார் பழங்குடித் தலைவரியை ரத்துசெய்தார். 1826-இல் புதுக் குடியரசின் அரசே அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கஜானா காலி, வேறு வருவாய் இல்லை. அடுத்த பல பத்தாண்டுகள் விடுதலை பெற்ற நாட்டின் செலவைப் பெருமளவு தாங்கியது அதே மக்களின் அதே வரி.

பொருளாதார அறிஞர் மெலிசா டெல் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்குப் பெருவில் மித்தா எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள ஊர்களை ஒப்பிட்டது. மண், உயரம், மொழி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. எல்லைக்கு உள்ளே இருந்த ஊர்களில் இன்றைய குடும்பச் செலவு சுமார் 25 சதவீதம் குறைவு. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் சுமார் 6 புள்ளிகள் கூடுதல். டெல்லின் விளக்கம்: மித்தா ஆட்களுக்குப் போட்டி வரக் கூடாதென்று அரசு அந்தப் பகுதிகளில் பெரும் பண்ணைகளைக் கட்டுப்படுத்தியது, எல்லைக்கு வெளியே வளர்ந்த பண்ணையார்கள் செல்வாக்கைப் பயன்படுத்திச் சாலைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மித்தா ஊர்களில் சாலையும் குறைவு, சந்தைக்கு விளைவிப்பவர்களும் குறைவு. பண்ணையார் இருந்தால் ஊர் முன்னேறும் என்று இதைச் சுருக்கிச் சொல்வது அவசரம். அந்தப் பண்ணைகளிலும் கூலியில்லா உழைப்பு இருபதாம் நூற்றாண்டிலும் ஓடிக்கொண்டிருந்தது, 1969-இல் வந்த நிலச்சீர்திருத்தம்தான் அவற்றை உடைத்தது. டெல் ஒப்பிட்டது மோசமான ஓர் ஏற்பாட்டையும் அதைவிட மோசமான ஒன்றையும்தான்.